நூறு கச்சான்

எண்பதுகளில் எயார் லங்காவின் ட்றைஸ்டார் விமானத்தில் நான் முதன்முதலாக ஏறியபோது, அதைச் செய்து விற்ற லொக்கீட் கம்பனியின் பெயர் எத்தனை நாட்டு அரசியலை ஆட்டங்காண வைத்தது என்பதை அறிந்திருக்கவில்லை. நான் சொல்லப்போவது நமது விமானங்களின் கதையல்ல. ஒரே கம்பனியின் பணம் மூன்று நாடுகளில் மூன்று விதமாக முடிந்த கதை.

1976 பெப்ரவரியில் அமெரிக்க செனற் சபையின் உபகுழுவொன்றின் விசாரணையில் எல்லாம் வெளிவந்தது. அந்நிய நாட்டு அதிகாரிக்கு இலஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கும் தனிச்சட்டம் அப்போது அமெரிக்காவில் இல்லை. அது 1977இலேதான் வந்தது. வாங்கியவரைத் தேடிய அளவுக்குக் கொடுத்தவரைத் தேடவில்லை என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் நன்று.

ஜப்பானிற் பணத்துக்கு எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டுகளில் 'நூறு கச்சான் பெற்றுக்கொண்டேன்' என்ற பாணியில் இருந்தது. ஒரு கச்சான் என்றால் பத்து இலட்சம் யென்! முன்னாள் பிரதமர் தனாக்கா 50 கோடி யென் பெற்றதாகக் கைதானார். 1983 ஒக்டோபரில் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டே மாதத்தில் நடந்த தேர்தலில் அவரது நீகாத்தா மக்கள் 2,20,000க்கும் மேற்பட்ட வாக்குகளை அள்ளிக் கொடுத்தார்கள். மேன்முறையீடு முடியுமுன்னரே 1993இல் அவர் காலமானார்.

அந்த வாக்காளரை மூடர் என்று தள்ளிவிட என்னால் இயலவில்லை. மாரியில் ஆளுயரப் பனி மூடும் ஊர்கள் அவை. வீதியும் சுரங்கப்பாதையும் அங்கே வந்தது அவராலேதான். 1982இல் அதிவேக ரயிலும் வந்து சேர்ந்தது. நோயாளியைப் பனியிலே சுமந்து சென்றவனுக்குக் கச்சான் கணக்கு என்ன பெரிது? ஆயினும் அந்த வீதிகள் பொதுப்பணத்திற் போட்டவைதாமே என்ற கேள்வியும் என்னை விடுவதாயில்லை.

நெதர்லாந்தில் அகப்பட்டவர் அரசியின் கணவர் பேர்ண்ஹார்ட் இளவரசர். தொகை 11 இலட்சம் டொலர். வழக்குத் தொடர்ந்தால் அரசி முடிதுறந்துவிடுவார் என்ற அச்சத்தினால் அவர் நீதிமன்றப் படியேறவே இல்லை. பதவிகளை இழந்தார், இராணுவச் சீருடை அணியக் கூடாதென்றார்கள். அவ்வளவுதான். பணம் வாங்கியதை அவர் ஒப்புக்கொண்ட பேட்டி, 2004இல் அவர் இறந்த பின்பே அச்சேறியது. அங்கே மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டிய தேவையும் அவருக்கிருக்கவில்லை.

இத்தாலியில் முன்னாள் அமைச்சர் தனாசி 1979இல் தண்டிக்கப்பட்டார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டே ஜனாதிபதி லியோனே பதவி துறந்துவிட்டார். அவர் மீதான குற்றம் ஒருபோதும் நிரூபிக்கப்படவில்லை. 1998இல், அவருக்குத் தொண்ணூறு வயதானபோது, அன்று அவரைத் தூற்றியவர்களுட் சிலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இடையில் இருபது வருடம் போயிருந்தது.