புரையின் நிழலில் மாகுலா: சென்னையில் ஒரு கண்நோயின் வரலாறு

முன்னுரை

முதுமையில் பார்வை மங்கினால் அது கண்புரைதான் என்று சாந்தோம், மயிலாப்பூர் வீடுகளில் இன்றும் எண்ணுகிறார்கள். பல நேரம் அது சரியே. ஆனால் விழித்திரையின் நடுவிலுள்ள மாகுலா மூப்பால் சிதைவதும் உண்டு. அப்போது எதிரில் நிற்பவரின் முகமும் படிக்கும் எழுத்தும் மறையும். பக்கப் பார்வை மட்டும் மிஞ்சும். புரை காத்திருக்கும், ரத்தக்குழாய் கசியும் ஈர வகை மாகுலாச் சிதைவு காத்திருக்காது. சென்னைக் கண் மருத்துவம் புரையை மையமாக வைத்து வளர்ந்ததே இந்த எண்ணத்தை வேரூன்றச் செய்தது என்பதும், சிகிச்சை வந்துவிட்ட இன்று அதுவே கேடாகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கண்டும் மருந்தில்லாத காலம்

1819இல் சென்னையில் தொடங்கிய கண் மருத்துவமனையே இன்றைய எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் விழித்திரையைப் பார்க்கும் கருவியை அமைத்தார். 1874இல் லண்டனில் ஹட்சின்சனும் டேயும் முதியோரின் மாகுலா மாற்றங்களை விவரித்தனர். 1885இல் ஹாப் அதை மேலும் தெளிவாக்கினார். நோயைக் கண்டார்களே தவிர, தீர்க்க வழியில்லை. இங்கோ ஒரே அறுவையில் பார்வை திரும்பும் புரைக்கே மருத்துவர்களின் கைகள் போதவில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கியதும், தமிழகமெங்கும் கண் முகாம்கள் பெருகியதும் அந்தத் தேவையால்தான்.

விழித்திரை மருத்துவம் வந்த வழி

மயிலாப்பூர் பி.எஸ். பள்ளியில் படித்த டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத், பாஸ்டனில் சார்லஸ் ஷெப்பன்ஸிடம் விழித்திரை மருத்துவம் பயின்று 1970இல் சென்னை திரும்பினார். அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் பணியாற்றிய அவர், 1978இல் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். விழித்திரைக்கெனத் தனி மருத்துவம் இந்நகரில் வலுப்பெற்றது இதன் பிறகே.

அப்போதும் மாகுலாவுக்குக் கிடைத்தது அரைத் தீர்வுதான். 1980களின் லேசர், கசியும் குழாயை அடைத்தாலும் அந்த இடத்தில் தழும்பை விட்டது. 1991இல் அறிமுகமான ஓசிடி ஸ்கேன், கண்ணைத் தொடாமலே விழித்திரையின் அடுக்குகளையும் தேங்கிய நீரையும் காட்டியது. 2005இல் புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாப் கண்ணுக்குள் ஊசியாகப் போடப்பட்டது; 2006இல் ரானிபிசுமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பார்வை இழப்பைத் தடுப்பதோடு, பலருக்கு இழந்ததில் ஒரு பகுதியை மீட்கவும் முடிந்தது இப்போதுதான். விலை குறைந்த பெவாசிசுமாப் ஏறக்குறைய அதே பலன் தருவதை 2011இல் வெளியான அமெரிக்க ஒப்பாய்வு காட்டியது. கைக்காசு போட்டு வைத்தியம் பார்க்கும் நம் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல். ஏனெனில் ஊசி ஒன்றோடு முடிவதில்லை, மாதக்கணக்கில் தொடர வேண்டும்.

தாமதம் எங்கே?

புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனையும் பங்கேற்ற இண்ட்ஐ ஆய்வு, 60 வயதைக் கடந்தோரில் 1.2 விழுக்காட்டினருக்கு முற்றிய மாகுலாச் சிதைவு இருப்பதாக 2010இல் தெரிவித்தது. ‘புரை முற்றட்டும்’ என்று காத்திருக்கும் பழைய பழக்கம் இவர்களுக்குத்தான் இழப்பு. ஒரு கண் கெட்டாலும் மறு கண் ஈடுகொடுப்பதால் நோய் வெளியே தெரிவதில்லை.

இதற்கு விடை 1940களிலேயே கிடைத்துவிட்டது. சுவிஸ் மருத்துவர் ஆம்ஸ்லர் வகுத்த அட்டையில் பத்து சென்டிமீட்டர் சதுரம், அதனுள் அரை சென்டிமீட்டர் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை மூடி, ஓரடித் தொலைவில் பிடித்துப் புள்ளியையே பார்க்க வேண்டும். கோடு நெளிந்தாலோ கட்டம் மறைந்தாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அட்டை இல்லாதவர் ஜன்னல் கம்பியையோ மாதக் காலண்டரின் கட்டங்களையோ பார்க்கலாம்.

ரத்தக்குழாய் கசியாத வறண்ட வகைக்கு மேற்சொன்ன ஊசி உதவாது. நோயின் இடைநிலையை எட்டியவர்களுக்கு மட்டும் லூட்டின், துத்தநாகம் அடங்கிய மாத்திரைகள் நோய் முற்றும் வாய்ப்பைக் குறைக்கின்றன. புகைப்பதை எல்லோருமே விட வேண்டும்.

முடிவுரை

மருந்தில்லாத நாளில் புரையை மட்டும் தேடியது நியாயம். இன்று அது போதாது. புரைக்கென வரும் ஒவ்வொரு முதியவருக்கும், முகாமிலும் மருத்துவமனையிலும், சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து மாகுலாவையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போகும்போது அவர் கையில் ஓர் ஆம்ஸ்லர் அட்டையும் இருக்க வேண்டும்.