கண்டிச் சீமையில் ஒலித்த மேடைக் குரல்



கண்டி என்றதும் உங்கள் மனக்கண்ணில் தலதா மாளிகையும் வாவியும் தோன்றும். எங்கள் முன்னோருக்கு அப்படியல்ல. கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்த தமிழருக்கு மலைநாடு முழுவதுமே 'கண்டிச் சீமை'தான். ஹேவாஹெட்டைப் பகுதியில் கொழுந்தெடுத்த என் அம்மாயி, நுவரெலியாவையும் கண்டிக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்.

அந்தச் சீமையில் தானே பாட்டெழுதி, தானே மேடையேறிப் பாடி, தானே நூலாக்கிய ஒரு பெண்மணியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். மீனாட்சியம்மை என்றால் பலருக்கு விளங்காது. கோ. நடேசய்யரின் மனைவி என்றால்தான் "ஓ, அவரா?" என்பார்கள். இது எனக்கு எப்போதும் ஒரு மனக்குறை.

தஞ்சையிலிருந்து வந்த நடேசய்யர் 1924இல் 'தேசபக்தன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அந்நாளில் தோட்டம் என்பது துரையின் தனி இராச்சியம். வெளியார் உள்ளே நுழைந்தால் அத்துமீறல் வழக்கு. உள்ளே இருந்தவர்களிலோ எழுத்து வாசனை அறிந்தோர் மிகச் சிலர். பத்திரிகையை அச்சிட்டு என்ன பயன்? துண்டுப் பிரசுரம் கொடுத்தால் யார் வாசிப்பது? ஆனால் பாட்டுக்கு வாசற்காவல் கிடையாது. கூட்டத்தில் ஒருத்தி கேட்டு வந்தால் மறுநாள் மலையில் நாலு நிரைக்குக் கேட்கும்.

மீனாட்சியம்மை இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். கூட்டங்களில் பாரதி பாடல்களைப் பாடினார். தாமே இயற்றியவற்றையும் பாடினார். மக்களுக்குப் பழகிய மெட்டுகளையே எடுத்துக்கொண்டார். இலக்கணப் பண்டிதர்கள் இதைக் கவிதையென ஒப்புவார்களோ மாட்டார்களோ, அதுபற்றி எனக்குக் கவலையில்லை. ஆண்களே மேடையேறத் தயங்கிய காலத்தில், துரைமாரின் பகையைத் தேடிக்கொண்ட ஒருவரின் மனைவி எழுந்து நின்று பாடினார் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அவருடைய பாடல்கள் 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் நூலாக வெளிவந்தன. தலைப்பைப் பார்த்தால் ஏதோ ஆணைக்குழு அறிக்கை போலிருக்கும்! ஆனால் காலத்தை நோக்கினால் காரணம் விளங்கும். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை நீக்கத் தொடங்கினார்கள். அதையொட்டி நேரு இலங்கை வந்தார். இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில், எங்கள் ஹேவாஹெட்டையிலேயே, முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அந்தப் போராட்டத்தை நடத்தியது சமசமாஜிகளின் சங்கம், நடேசய்யருடையது அல்ல. ஆனால் இரண்டு இடத்திலும் கேட்டது ஒரே கேள்விதான்: காட்டை அழித்துத் தோட்டமாக்கியவனுக்கு இந்த மண்ணில் என்ன பாத்தியதை? மீனாட்சியம்மை அதைப் பாட்டாக்கினார்.

நடேசய்யர் 1947இல் காலமானார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அவர் பயந்தது நடந்தது. பாட்டுகளை எடுத்துப் பாட ஆளில்லாமற் போயிற்று. பின்னர் சாரல்நாடன் போன்றோர் தேடியெடுத்து எழுதியிராவிட்டால் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

ஆனால் தாளில் மிஞ்சுவது சொல் மட்டுமே. 1990களில் ஒருநாள் அந்தப் பாட்டொன்றின் பிரதியை அம்மாயிக்கு வாசித்துக் காட்டினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அப்படி வாசிக்காதப்பா, இழுத்துச் சொல்லணும்" என்றார். பிறகு வெற்றிலையை ஒருபக்கம் ஒதுக்கிவிட்டு ஒரு மெட்டை முணுமுணுத்தார். எங்கே கேட்டது, யார் பாடியது என்று அவருக்கு ஞாபகமில்லை. நான் சொற்களை அந்த மெட்டில் வைத்துப் பார்த்தேன். இரண்டாவது அடி மட்டும் சற்று இடித்தது.