பினாங்குக்குப் போனால் எதைப் பார்ப்பது?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் "பினாங்குக்குப் போவோம்ப்பா" என்று பிள்ளைகள் கேட்பது வழக்கம். அப்பா வேன் பேசுவார். அம்மா புளிச்சோறு கட்டுவார். அண்டை அயலாரும் சேர்ந்துகொள்வார்கள். கடலில் குளித்து, கொடிமலை ஏறி, தண்ணீர்மலையில் அர்ச்சனை செய்து, ஜாதிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை வேன் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. "அதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டினது, சீனர் கட்டினது. நமக்கு அங்க என்ன இருக்கு?" என்று சொல்லிவிடுவோம்.

நமக்கு அங்கே நிறைய இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லவும், மூன்று நாளில் பார்த்து வர ஒரு வழி காட்டவுமே இக்கட்டுரை.

புறப்படுவதற்கு முன்

முதல் வேலை வீட்டில்தான். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து கேளுங்கள். "நம்ம ஆளுங்க எந்தக் கப்பல்ல வந்தாங்க? எங்க இறங்கினாங்க? எந்தத் தோட்டத்துக்குப் போனாங்க?" 1938இல் இந்திய அரசு, உதவிப்பணத்தில் கூலிகள் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. அதற்கு முன் ஒப்பந்தத்திலும் கங்காணி முறையிலும் வந்தவர்களில் பல்லாயிரம் பேர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, முதலில் மிதித்த மலாயா மண் பினாங்குதான். 1926 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் பல வீடுகளில் இன்றும் பேசப்படுகிறது. நேரில் வந்தவர்கள் இன்று அநேகமாக இல்லை. அவர்கள் வாயால் கேட்டவர்களாவது இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, காலம் பார்ப்பது. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். பழைய நகரத்தை நடந்துதான் பார்க்க வேண்டும் என்பதால் காலையில் பசியாறிவிட்டு வெயிலுக்கு முன் கிளம்புங்கள். குடை, தண்ணீர், ஒரு நோட்டுப் புத்தகம், பென்சில் போதும். வழிபாட்டு இடங்களுக்கு ஏற்ற உடை உடுத்திக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: கடற்கரையும் கோட்டையும்

பாலம் இருந்தாலும் போகும்போது பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் போவதே நல்லது. பழைய இரட்டை அடுக்குப் பெர்ரிகள் ஓய்வு பெற்று, 2023 முதல் புதிய பெர்ரிகள் ஓடுகின்றன. இவற்றில் கார், வேன் ஏற முடியாது. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும்தான். கப்பலில் வந்த நம் முன்னோர் இந்தக் கரையைப் பார்த்தது போலவே, கடலிலிருந்து நாமும் பார்க்கலாம்.

இறங்கியதும் மணிக்கூண்டோடு ஒரு வெள்ளைக் கட்டடம் தெரியும். அது ரயில் நிலையமாகக் கட்டப்பட்டது. ஆனால் தண்டவாளம் கிடையாது! தீவுக்கு ரயில் வந்ததே இல்லை. இங்கே டிக்கெட் வாங்கி, படகில் அக்கரைக்குப் போய், பிறைக் கரையில்தான் ரயில் ஏற வேண்டும். இப்போது அது சுங்க இலாகா அலுவலகம்.

அடுத்து கார்ன்வாலிஸ் கோட்டை. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவைக் கைப்பற்றினார். முதலில் நிபோங் மரங்களை நட்டுக் கட்டிய வேலிதான் கோட்டை. பிறகு செங்கல்லாலும் கல்லாலும் எழுப்பி, 1810 வாக்கில் முடித்தார்கள். எழுப்பிய கைகள் யாருடையவை? பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடு கடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகளுடையவை. 1790களிலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் இப்படிக் கைதிகள் வந்தார்கள். வங்காளிகளும் இருந்தார்கள், சென்னை மாகாணத்தவரும் இருந்தார்கள். காடு வெட்டியதும், சாலை போட்டதும், சதுப்பு நிலத்தைத் தூர்த்ததும் இவர்களே.

கோட்டைக்கு அருகில் விக்டோரியா மகாராணி மணிக்கூண்டு. அவர் ஆட்சிக்கு வந்து 60 ஆண்டுகள் நிறைந்ததைக் குறிக்க, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரம். பிள்ளைகளுக்கு இது ஒரு நல்ல கணக்குப் பாடம்.

கொஞ்சம் நடந்தால் புனித ஜார்ஜ் தேவாலயம். 1819இல் அர்ச்சிக்கப்பட்டது. இதையும் கட்டியவர்கள் கைதிகளே. பெரிய வெள்ளைத் தூண்களைப் பாருங்கள். முதலில் இதன் கூரை சென்னைக் கட்டடங்களைப் போலத் தட்டையான தளமாக இருந்தது. பினாங்கு மழைக்கு அது ஒத்துவரவில்லை. 1864இல் சரிவுக் கூரையாக மாற்றினார்கள். ஊருக்கு ஏற்றபடி வீடு கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டுமா? தேவாலய முற்றத்தில் லைட்டின் நினைவு மண்டபம் இருக்கிறது. கல்லில் அவர் பெயர் இருக்கிறது. கல் சுமந்தவன் பெயர் எங்கும் இல்லை.

இந்தத் தேவாலயம் எழும்பப் பாடுபட்ட பாதிரியார் ஹட்சிங்ஸ்தான் 1816 அக்டோபர் 21ஆம் நாள் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கியவர். அந்தப் பள்ளியோடு சேர்ந்து தமிழ் வகுப்பும் நடந்தது. அதையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாம் ஆண்டு விழா எடுத்தோம். 1920களின் இறுதி வரை பிரீ ஸ்கூல் நடந்த பழைய கட்டடம் பக்கத்திலேயே பார்குவார் தெருவில் உள்ளது. பின்னாளில் அது மாநில அருங்காட்சியகமாயிற்று. தமிழ்ப்பள்ளி மாணவன் எவனும் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்காமல் போகக்கூடாது.

இரண்டாம் நாள்: நான்கு சமயங்களின் தெரு

முன்பு பிட் ஸ்ட்ரீட் என்ற சாலை, இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். இதையொட்டித் தேவாலயம், சீனரின் குவான் யின் கோயில், மாரியம்மன் கோயில், பள்ளிவாசல் நான்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன.

கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் 1801இல் தோன்றியது. நிறுவியவர் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் வணிகர். அக்காலத்தில் தென்னிந்திய மக்களுக்குத் தலைவராகக் கம்பெனி அவரை நியமித்திருந்தது. இன்று நாம் காணும் குவிமாடங்களும் கோபுரமும் இருபதாம் நூற்றாண்டில் புதுப்பித்தவை. அருகே சூலியா தெருவில் நாகூர் தர்கா. நாகூர் ஆண்டவரை மறக்காத கடலோடிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது.

குவீன் தெருவில் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில். 1833இல் கோயிலாக எழுந்த இது பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரும் கடைத்தெருவில் வியாபாரம் செய்தவரும் வணங்கிய தாய் இவள். பக்கத்தில் மார்க்கெட் ஸ்ட்ரீட்தான் நம்மவர் சொல்லும் கடைத்தெரு. பினாங்கு தெருவில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடும் அங்கேதான்.

இங்கே கடைவீடுகளை நின்று பாருங்கள். முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க அஞ்சடி. மலாயில் காக்கி லீமா. முகப்பு குறுகல், உள்ளே நீளம். நடுவில் வெளிச்சமும் காற்றும் வர முற்றம். சுவரில் பூசியது சிமெண்ட் அன்று, சுண்ணாம்புச் சாந்து. 1861இல் முதல் வழிபாடு நடந்த சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தில் இந்தியக் கைதிகள் பூசிய சாந்தில் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்ந்தன. சென்னைக் கொத்தர்களின் கைப்பக்குவம் அது. பழைய செங்கல் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல் உதிர்ந்துபோகும். பழுது பார்ப்பவர்கள் இன்றும் சுண்ணாம்பைத் தேடுவது இதனால்தான்.

மாலையில் கூ கொங்சியையும் சியோங் பாட் ட்சேயின் நீல மாளிகையையும் பாருங்கள். கூ கொங்சியின் முந்திய கட்டடம் 1901இல் எரிந்துபோனது. இப்போதுள்ளது 1906இல் நிறைவு பெற்றது. ஒரே குலத்தவர் கூடி, புதிதாக வரும் தம் மக்களுக்குக் கைகொடுக்க வைத்திருந்த இடம் அது. மாளிகையின் நீலம், அவுரிச் சாயத்தைச் சுண்ணாம்பில் கலந்து அடித்த நீலம்.

மூன்றாம் நாள்: மலையும் திரும்பும் வழியும்

காலையில் கொடிமலை. 1923 முதல் மலை ரயில் ஓடுகிறது. 2011இல் புதிய பெட்டிகள் வந்தன. பிறகு தண்ணீர்மலை முருகனைத் தரிசிக்கலாம். 2012இல் குடமுழுக்குக் கண்ட மலைக்கோயிலுக்கு 513 படிகள். பெரியவர்களை அவசரப்படுத்த வேண்டாம்.

பாலத்தின் வழியாகத் திரும்புங்கள். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் அது. தீவைவிட்டுக் கிளம்பியதும் தெற்கே, அதாவது உங்கள் வலப்பக்கம், பச்சைப் பசேலென்று ஒரு சிறு தீவு தெரியும். அதுதான் ஜெரஜாக். கப்பலில் வந்த நம் மக்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் இறக்கி, நாள்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். ஊரும் இல்லை, தோட்டமும் இல்லை. நடுக்கடலில் காத்துக் கிடந்தார்கள். சிலர் அங்கேயே மடிந்தார்கள். மற்றவர்கள் அக்கரைக்கு வந்து, ரயிலேறி, பால்மரக் காட்டுக்குள் போனார்கள். வேனில் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தீவைக் காட்டுங்கள்.

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவோடு ஜார்ஜ் டவுனையும் உலகப் பாரம்பரிய நகரமாக யுனெஸ்கோ அறிவித்தது. பல இனத்தாரும் பல சமயத்தாரும் சேர்ந்து வாழ்ந்து கட்டிய நகரம் என்பதே அதன் பெருமை. அந்தப் பெருமையில் நமக்கும் பங்குண்டு. ஆனால் பங்கைக் கேட்பதற்கு நம் கையில் எழுத்து இருக்க வேண்டும். கோட்டைக்குக் கல் சுமந்தவன் தன் கதையை எழுதி வைக்கவில்லை. எழுத அவனுக்குத் தெரியாது. தெரிந்தாலும் காகிதம் கொடுப்பார் இல்லை. நம் பிள்ளைகளுக்கு எழுத்தும் உண்டு, பள்ளியும் உண்டு.

ஆகவே மாணவர்களே, பயணம் முடிந்து வந்ததும் இரண்டு பக்கம் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் நீங்கள் பார்த்த கட்டடம் ஒன்று. மறுபக்கத்தில் உங்கள் வீட்டுப் பெரியவர் சொன்ன கதை; யார், எந்த ஊர், எந்தக் கப்பல், எந்தத் தோட்டம் என்று. ஆசிரியரிடம் கொடுத்துப் பள்ளி நூலகத்தில் வைக்கச் சொல்லுங்கள். பல தோட்டங்கள் இன்று இல்லை, லயங்களும் இல்லை. அங்கே வாழ்ந்தவர்களின் பெயர்களாவது உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும்.