கொடையும் கடப்பாடும்

வாணிகம் என்பது பண்டங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லும் தொழில் மட்டுமன்று. விளைவிப்போன், சுமப்போன், விற்போன், வாங்குவோன் ஆகிய நால்வரையும் ஒன்றாகப் பிணைப்பதும் அதுவே. அப்பிணைப்பு நாடு கடந்து நீளும்போது, ஒரு முனையிலுள்ளோர் படும் துயர் மறுமுனையிலுள்ளோருக்குப் புலனாவதில்லை. அத்துயருக்குப் பொறுப்பாளர் யாவர் என்னும் வினா இன்று 'கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு' என்னும் பெயராற் பேசப்படுகின்றது. பெயர் புதிது, வினாவோ பழையது.

இடைக்காலத் தென்னிந்தியாவின் கடல் வாணிகத்திற் பெரும் பங்கு வணிக கணங்களின் கையிலிருந்தது. மணிக்கிராமத்தார், ஐந்நூற்றுவர், நானாதேசிகள், வளஞ்சியர் என அவை வழங்கப்பட்டன. இன்று தாய்லாந்து எனப்படும் நாட்டின் தக்குவாபாவிற் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் மணிக்கிராமத்தார் முதலியோரின் காவலில் விடப்பட்டதைக் கூறுகின்றது. ஈழத்துப் பொலநறுவையில், புத்தரின் தந்ததாதுக் கோயிலைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரப் படையினர் ஏற்றபோது, அவர்க்கு மூத்தோராகிய வளஞ்சியரும், நகரத்தாரும் உடனிருந்தனர். சென்ற இடமெல்லாம் அவ்விடத்து மக்களின் குளத்தையும் கோயிலையும் பேணியமை இக்கணங்களின் சிறப்பாகும்.

அக்கொடையின் முறையும் நோக்கற்பாலது. பாண்டிநாட்டுப் பிரான்மலையிலுள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, உப்பு, அரிசி, மிளகு, பாக்கு முதலான பண்டங்களுக்குப் பொதிக்கு இவ்வளவு எனக் கோயிற் பணிக்குரிய பங்கை வரையறுக்கின்றது. ஆண்டிறுதியில் எஞ்சிய இலாபத்திலிருந்து மனமுவந்து ஈந்ததன்று அது. பண்டம் கைமாறும்போதே எடுத்து வைத்த பங்கு. எனினும், அக்கல்வெட்டுக்கள் கொடுத்தோரின் புகழைக் கூறுமளவிற்குப் பொதி சுமந்தோரின் நிலையைக் கூறுவதில்லை. இக்கணங்கள் தமக்கெனப் படைவீரரையும் வைத்திருந்தன. ஆதலால் அக்காலத்தைக் குற்றமற்ற பொற்காலமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

கி. பி. 1600இல் அரச பட்டயம் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியோ வேறுவகையானது. அதன் பங்காளர் இலண்டனில் இருந்தனர். அதன் செல்வம் விளைந்த நிலம் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருந்தது. 1765இல் வங்காளத்தில் வரி திரட்டும் உரிமை அக்கம்பனிக்குக் கிடைத்தது. ஐந்தாண்டு கழியுமுன் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் நேர்ந்தது. மக்களுள் மூன்றிலொரு பங்கினரேனும் மாண்டனர் என வாரன் ஹேஸ்டிங்ஸ் 1772இல் மதிப்பிட்டார். அவ்வாறிருந்தும் 1771இன் வரித்தொகை, பஞ்சத்திற்கு முந்திய 1768இன் தொகையிலும் மிகுதியாயிருந்தது என அவரே தம் மேலிடத்துக்கு எழுதினார். உழுவோர் மடிந்த நாட்டில் வரி குறையாமை எத்துணைக் கொடுமையினால் இயன்றது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கம்பனியைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தும் முதற்பெரு முயற்சி 1773இலேயே நிகழ்ந்தது. அதற்கு உடனடி ஏது வங்காள மக்களின் இறப்பன்று. கம்பனி பணமுட்டுற்று, பிரித்தானிய அரசிடம் 14 இலட்சம் பவுண் கடன் வேண்டி நின்றமையே. பங்காளரின் இழப்பு பாராளுமன்றத்தின் கண்ணுக்கு விரைவிற் புலனாயிற்று. குடிகளின் இழப்புக்கு அத்தகைய விரைவு வாய்க்கவில்லை.

இவ்வரலாற்றின் தொடர்ச்சியை 2013ஆம் ஆண்டிற் காணலாம். அவ்வாண்டு இந்தியா இயற்றிய கம்பனிச் சட்டம், குறித்த அளவிற்கு மேற்பட்ட கம்பனிகள் தம் மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென விதித்தது. பொதிக்கு இவ்வளவு என வகுத்த பழைய கணங்களின் முறையை இது ஒருவாறு நினைவூட்டுகின்றது.

அதே ஆண்டு ஏப்ரில் 24ஆம் நாள், பங்களாதேசத்தின் டாக்கா நகரையடுத்த சவாரில், ராணா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. ஆயிரத்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேலைநாட்டுக் கடைகளுக்கு ஆடை தைத்த தொழிலாளர். முதல் நாளே சுவர்களில் வெடிப்புத் தோன்றியிருந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வரவேண்டாமென நிறுத்தியது; தையற் றொழிலாளரோ வேலைக்கு ஏவப்பட்டனர். அங்கிருந்த தொழிற்சாலைகளுட் சில, வாங்குவோரின் நன்னடத்தை விதிகளின்படி முன்னரே தணிக்கை செய்யப்பட்டவை. தாமே வகுத்துத் தாமே மேற்பார்க்கும் விதிகளின் வலிமை அவ்வளவே.

இதன்பின் 2013 மே மாதத்தில், ஆடை வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் சட்டத்தாற் பிணிக்கும் உடன்படிக்கையொன்றைச் செய்தன. சுதந்திரமான பொறியியலாளர் கட்டடங்களைச் சோதித்தல், அறிக்கைகளை வெளிப்படுத்தல், ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை ஆகியன அதில் இடம்பெற்றன. உடன்படிக்கையை மீறும் நிறுவனத்தை நடுத்தீர்ப்புக்கு உட்படுத்தவும் வழி செய்யப்பட்டது. கடல் கடந்த கொள்வோரும் தொழிலாளரின் உயிர்க்காப்புக்கு விடைகூறக் கடமைப்பட்டவர் என்பது அதனால் எழுத்திற் பதிந்தது.

குளம் தொட்டவரின் பெயர் கல்லில் நிலைத்தல் தகும். ஆயினும் ஈகை வேறு, கடப்பாடு வேறு. ஈகை, கொடுப்போன் விரும்பிய இடத்திற்கே செல்லும். கடப்பாடோ, தீங்குற்றோன் எவ்விடத்து நின்று வினவினும் விடைகூற வேண்டும். வங்காளத்து உழவனுக்கு அவ்வாறு வினவ இடமிருக்கவில்லை. சவாரின் தொழிலாளருக்கும் அவ்விடம் எளிதிற் கிடைக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த பின்னரே கிடைத்தது. அத்தகைய விலையை மீண்டுமொருமுறை கொடாமற் காத்தலே உலகளாவிய வாணிகத்தின் தலையாய கடன்.