கடற்பனியும் துருவக் கடலின் மேலடுக்கும்

துருவக் கடல்களின் மேற்பரப்பு ஆண்டுதோறும் உறைந்து உருகுகிறது. அண்டார்க்டிக்காவைச் சுற்றியுள்ள கடற்பனி பிப்ரவரியில் ஏறத்தாழ 30 லட்சம் சதுர கி.மீ. அளவுக்குச் சுருங்கும், செப்டம்பரில் 180 லட்சம் வரை விரியும். 2023 பிப்ரவரியில் அது 20 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. இந்த ஏற்ற இறக்கம் பனிக்குக் கீழே உள்ள நீரின் உப்பு, வெப்பம், உயிர்வளம் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

இவற்றில் முதன்மையானது உப்பு. உறைநிலையை ஒட்டிய குளிரில் கடல்நீரின் அடர்த்தியை வெப்பநிலையைவிட உப்பே தீர்மானிக்கிறது. கடல்நீர் சுமார் −1.8 பாகை செல்சியசில் உறையும்போது உப்பில் பெரும்பகுதி பனிக்குள் தங்குவதில்லை. கிலோவுக்கு 34 கிராம் உப்புள்ள நீரிலிருந்து உருவாகும் முதலாண்டுப் பனியில் எஞ்சுவது 5 கிராம் அளவே. மற்றது அடர்ந்த உவர்நீராக வடிந்து கீழே இறங்குகிறது. அதனால் மேலடுக்கு கலக்கப்பட்டு, நூறு மீட்டருக்கும் மேல் தடிக்கக்கூடும். ஆழத்துச் சத்துகளும் மேலே வருகின்றன.

கரையோரத்தில் காற்று பனியைத் தள்ளிக்கொண்டே போகும் திறந்த நீர்ப்பரப்புகளுக்குப் பொலின்யா என்று பெயர். அங்கே பனி ஓயாமல் உருவாகிறது. அண்டார்க்டிக்காவில் 2012இல் தொடங்கப்பட்ட இந்தியாவின் பாரதி நிலையம் அமைந்துள்ள பிரிட்ஸ் விரிகுடாவுக்கு மேற்கே, டார்ன்லி முனையருகே உள்ள பொலின்யா இவ்வாறு உருவாக்கும் கனத்த நீர் பெருங்கடலின் அடித்தளம் வரை இறங்குகிறது. அதே கண்டத்தையொட்டிய வெடல் கடலில் 1974 முதல் 1976 வரை குளிர்காலந்தோறும் பனியின் நடுவே ஒரு பெரும் திறப்பு தோன்றியது. மேல்நீர் அமிழ, ஆழத்து வெதுவெதுப்பான நீர் மேலேறி, அங்கே பனி மூடவிடாமல் செய்தது.

வசந்தத்தில் எல்லாம் தலைகீழாகும். உருகிய நன்னீர் மேலே மெல்லிய, இலேசான அடுக்காகப் படிகிறது. காற்றால் அதை எளிதில் கலக்க முடியாது. ஒளியருகே தங்கும் தாவர மிதவையுயிரிகள் பனி விளிம்பை ஒட்டிப் பெருகுகின்றன. அடியில் கடந்த குளிர்காலத்துக் குளிர்நீர் அப்படியே கிடக்கிறது. பனி உறைந்த இடத்திலேயே உருகுவதில்லை என்பதுதான் இதில் பலரும் கவனிக்காத உண்மை. அண்டார்க்டிக்காவின் கரையருகே உப்பை விட்டுவிட்டு, நன்னீரைச் சுமந்துகொண்டு அது வடக்கே நகர்கிறது. அக்கடலின் உப்புக் கணக்கு பெரும்பாலும் இந்த நகர்வால்தான் அமைகிறது.

செயற்கைக்கோள் பனியின் பரப்பைக் காட்டும். பனிக்கடியில் உள்ள உப்பைக் காட்டாது. குளிர்காலத்தில் கப்பல் போவதும் அரிது. ஆகவே ஆண்டு முழுவதும் நீருக்குள்ளேயே இருந்து அளக்கும் கருவிகள் தேவை. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் வடிவமைத்த இண்டார்க் அத்தகையது. கோவாவின் துருவ ஆய்வு மையத்துடன் சேர்ந்து 2014 ஜூலையில் அதை ஆர்க்டிக்கிலுள்ள சுவால்பார்டு தீவுக்கூட்டத்தின் கோங்ஸ்ஃபியோர்டு என்ற குறுகிய கடல் நுழைவில், 192 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிட்டு நிறுத்தினர். வெவ்வேறு ஆழங்களில் தொங்கும் உணரிகள் வெப்பம், உப்பு, நீரோட்டம் முதலியவற்றைப் பதிகின்றன.

அந்த ஃபியோர்டுக்குள் அட்லாண்டிக்கின் வெப்ப நீர் நுழைகிறது; 2006 முதல் அங்கே குளிர்காலப் பனி வெகுவாகக் குறைந்துள்ளது. ஆயினும் கோடையில் பனியாறுகள் உருகிவரும் நீர் ஒரு நன்னீர் அடுக்கை விரிக்கிறது. மேலடுக்கின் உப்பு குறைந்திருப்பதை மட்டும் வைத்து அது கடற்பனி உருகியதன் விளைவு என்று அங்கே முடிவுகட்டக் கூடாது. அதற்கு முந்தைய குளிர்காலப் பதிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.