நூறு வயதைத் தொடும் ஒக்கினாவா முதியவர்கள்: பழக்கம் தந்த ஆயுளும் பழக்கம் மாறியதால் வந்த சரிவும்

ஜப்பானில் 100 வயதைக் கடந்தவர்களின் எண்ணிக்கை 1963ஆம் ஆண்டில் வெறும் 153. அது 2024ஆம் ஆண்டில் 95,119 ஆக உயர்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 88 விழுக்காட்டினர் பெண்கள். அந்நாட்டின் தென்கோடியில் உள்ள ஒக்கினாவா தீவுகள் நீண்ட ஆயுளுக்கு உலகப் புகழ் பெற்றவை. அங்குள்ள நூறு வயதினரைப் பற்றிய ஆய்வு 1975ஆம் ஆண்டு முதல் நடந்து வருகிறது.

அரிசியை விட வள்ளிக்கிழங்கு

ஒக்கினாவாவின் பழைய தலைமுறைக்கு முக்கிய உணவு சோறு அல்ல, சர்க்கரைவள்ளிக்கிழங்கு. 1605ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து வந்த இக்கிழங்கு, புயல் அடித்தாலும் மண்ணுக்கடியில் பிழைத்துக்கொண்டு ஏழைகளின் பசியைத் தீர்த்தது. அதோடு தோட்டத்துக் கீரை, கடற்பாசி, தௌஃபூ. நம் வீடுகளில் பிள்ளைகள் முகம் சுளிக்கும் பாகற்காயை அவர்கள் தௌஃபூ, முட்டையுடன் பிரட்டி விரும்பி உண்கின்றனர். பன்றி இறைச்சி பெரும்பாலும் விசேஷ நாள்களில்தான்.

முக்கால் வயிறு போதும்

சாப்பிட உட்காரும்போது 'ஹாரா ஹாச்சி பூ' என்று சொல்வது அங்குள்ள முதியவர்களின் வழக்கம். வயிறு எண்பது விழுக்காடு நிறைந்ததும் நிறுத்திக்கொள் என்பது இதன் பொருள். வயிறு நிறைந்த உணர்வு மூளைக்குச் சென்று சேரச் சற்று நேரமாகும். அதற்குள் கூடுதலாகச் சாப்பிட்டுவிடாமல் இப்பழக்கம் தடுக்கிறது.

உடலுக்கு வேலை, மனதுக்குத் துணை

முதுமையிலும் பலர் வீட்டுத் தோட்டத்தில் வேலை செய்கின்றனர். தரையில் பாய் விரித்து அமர்வதால், நாள் முழுவதும் உட்கார்ந்து எழுவதே அவர்களுக்கு உடற்பயிற்சி. 'மோஆய்' எனும் நட்புக் குழுவினர் மாதந்தோறும் கூடுவர். சீட்டுப் போடுவதைப் போல ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, முறை வைத்து எடுத்துக்கொள்வர். ஒருவர் வரவில்லையென்றால் மற்றவர்கள் தேடிப் போவர். தனிமை அங்கே எளிதில் அண்டுவதில்லை.

கைநழுவிய முதலிடம்

1945 முதல் 1972 வரை ஒக்கினாவா அமெரிக்க நிர்வாகத்தில் இருந்தது. டின் இறைச்சி பரவியது. 1963ஆம் ஆண்டிலேயே அமெரிக்கத் துரித உணவகம் திறக்கப்பட்டது. நடந்து சென்றவர்கள் காருக்கு மாறினர். விளைவு, 1985ஆம் ஆண்டில் ஜப்பானிய மாநிலங்களில் ஆண்களின் ஆயுளில் முதலிடம் வகித்த ஒக்கினாவா, 2000ஆம் ஆண்டில் 26ஆம் இடத்திற்கும் 2020ஆம் ஆண்டில் 43ஆம் இடத்திற்கும் சரிந்தது. பெண்களும் முதலிடத்தை இழந்து 16ஆம் இடத்திற்கு வந்தனர்.

போரில் பிறப்புப் பதிவேடுகள் அழிந்ததால், முதியவர்கள் சிலரின் வயது குறித்து ஆய்வாளர்களிடையே ஐயமும் உண்டு. ஆனால் அடுத்த தலைமுறையின் சரிவில் ஐயமில்லை. அதே தீவு, அதே காற்று, அதே பரம்பரை. மாறியவை தட்டில் இருந்த உணவும் அன்றாடப் பழக்கங்களும்தான். தோட்டத்து வேலையிலும் கீரைக் குழம்பிலும் வளர்ந்த பெற்றோரின் பிள்ளைகள் இன்று நகரங்களில் நாற்காலி வேலை பார்க்கும் நமக்கும் அந்தச் சரிவு ஓர் எச்சரிக்கை.