நாகைக்கும் பினாங்குக்கும் எத்தனை தூரம்?

நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் உள்ள தூரம் யாது என்று வினவினால், பூகோளம் படித்த சிறுவனும் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் என்று விடையிறுப்பான். விடை சரியே. ஆயினும் அது கடலின் கணக்கு. கடலைத் தாண்டியவனின் கணக்கு அன்று.

பாய்மரக் காலத்தில் தூரத்தை அளந்தது காற்றேயாம். பருவக்காற்று திரும்பும்வரை வந்தவன் காத்துக்கிடக்க வேண்டும். அங்ஙனமிருந்தும், சோழமண்டலக் கரையினின்று ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, உழைத்துச் சில வெள்ளிகள் ஈட்டித் திரும்புகின்றனர் என்று பிரான்சிஸ் லைட் 1794 இல் எழுதினார். பினாங்கில் ஆங்கிலக் கொடி ஏறி அப்போது எட்டாண்டுகளே ஆகியிருந்தன.

நீராவிக் கப்பல் வந்தது. பிரயாணம் ஐந்தாறு நாட்களாகச் சுருங்கிற்று. யாருக்குச் சுருங்கிற்று என்பதன்றோ கேள்வி? 1926 இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக்குப் பிரயாணிகளை ஏற்ற உரிமை பெற்றிருந்தது. அறையில் படுத்து வந்த கனவானுக்கும், தளத்தில் பாய் விரித்து வந்த கூலிக்கும் கடல் ஒன்றே, பிரயாணமோ ஒன்றன்று. தோட்டத்துக்குப் போகும் தொழிலாளி கப்பலேறுமுன்பே ஆவடியிலோ நாகையிலோ முகாமில் தங்கவேண்டும். பினாங்கு கண்ணுக்குத் தெரிந்த பின்னரும் அவனுக்குக் கரை கிட்டவில்லை. கெலுகோர்க் கடற்கரையில் நின்று தெற்கே நோக்குவோர்க்குத் தோன்றும் ஜெரஜாக் தீவில், தொற்றுநோய்த் தடுப்பு என்று டெக்குப் பிரயாணிகள் நாட்கணக்கில் நிறுத்தப்பட்டனர். அறைப் பிரயாணி நேரே நகருக்குள் சென்றான். நோய்க்கிருமியும் டிக்கட்டின் வகுப்பைப் பார்த்தே தொற்றும் போலும்!

பிறகு தூரத்தை அளக்கும் வேலையைச் சட்டங்கள் மேற்கொண்டன. 1938 இல் இந்திய சர்க்கார் உதவிபெற்றுக் குடியேறுவதைத் தடுத்தது. 1942 முதல் 1945 வரை யுத்தம் வழியையே அடைத்தது. கணவன் மலாயாவிலும் மனைவி தஞ்சையிலுமாகக் கடிதமுமின்றிக் கிடந்த குடும்பங்கள் பல. 1953 இல் அமலுக்கு வந்த மலாயாக் குடிநுழைவுச் சட்டம், வாயிலை மேலும் இறுக்கிற்று. 'ரஜூலா'வின் ஓட்டம் 1973 இல் நின்றது. சென்னை-சிங்கப்பூர் வழியில் ஓடிய 'சிதம்பரம்' 1985 இல் தீப்பட்டதும் ஏழையின் கடல்வழி மூடியது.

பினாங்கின் பாயான் லெப்பாசில் விமான நிலையம் 1935 இலேயே ஏற்பட்டது. எனினும், சென்னைக்கும் பினாங்குக்கும் நேர் விமானமொன்று 2024 டிசம்பரில் புறப்பட்டது. பிரயாணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி முந்தி நிற்பதால், கைக்கடிகாரத்தைத் திருத்தியவனுக்கு ஆறரை மணி கழிந்ததாகத் தோன்றும்.

இறங்கியவன் ஜார்ஜ் டவுன் நோக்கிக் கடலோரச் சாலையில் காரில் செல்கையில், கெலுகோரை எட்டுமுன் வலப்புறத்தே ஜெரஜாக் தீவு தெரிகிறது. அதனைக் கடக்கச் சில நிமிஷங்களே ஆகின்றன.